"பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டுப் பயிற்சிக்குக் குழுவாகப் போகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்து, ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பேட்ச் பேட்சாகப் பசங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விசா, டிக்கெட், ஸ்வெட்டர் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். கூட இருப்பவரிடமோ, அந்த ஊர்க்காரரிடமோ, மேலதிகாரியிடமோ ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எப்படிச் சொல்வது? அதைத்தான் கஷ்டமான பேச்சு என்கிறேன்.

பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் பேசியதால் அல்ல. பேசாமல் விட்டதால்.

நம் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த தலம். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தி நினைவிடம். ஒரகடம் என்றால் பலருக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் நோக்கியா வந்து, 2014இல் மூடியும் போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டு ஆலை, 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2015இல் வல்லம் வடகாலில் யமஹா. இப்படி இருபது வருஷத்துக்குள் கொரியர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், தைவான்காரர் எல்லோரும் நம் ஏரிக்கரை ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இங்கிருந்து நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள்.

ஜப்பானுக்குத் தொழிற்பயிற்சிக்குப் போவது புதிதல்ல. அதற்கென்றே ஏ.ஓ.டி.எஸ். என்ற அமைப்பு அங்கே 1959இல் தொடங்கியது. அதில் பயிற்சி பெற்றுத் திரும்பிய தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னையில் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய். 'தோசோகாய்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பழைய மாணவர் சங்கம்! எழுத்துக்கு எழுத்து பார்த்தால், "ஒரே சன்னலின் கூட்டம்". ஒரே வகுப்பறைச் சன்னல் வழியாகப் பார்த்தவர்கள் என்று பொருள். குழுப் பயணம் போகிறவர்கள் ஒரே சன்னல் வழியாகப் பார்ப்பவர்கள்தான். ஆனால் எல்லோர் கண்ணுக்கும் ஒரே காட்சி தெரிவதில்லை.

முதலில் "சரி" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஷாப் ஃப்ளோரில் நம்ம பையன் ஒரு நாளைக்கு நூறு தடவை "சரி சார்" என்கிறான். அதற்கு "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்றுதான் அர்த்தம். புரிந்தது என்றோ, ஒத்துக்கொண்டேன் என்றோ அர்த்தமில்லை. கூடவே தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவான். புதிதாக வந்த ஜெர்மானியருக்கு அது "இல்லை" என்று தெரியும். ஜப்பானியர் மட்டும் என்ன? அவர் சொல்லும் "ஹாய்" என்பதும் நம்ம "சரி" மாதிரிதான். பல சமயம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்பதோடு நின்றுவிடும். இரண்டு பேரும் அரை மணி நேரம் "சரி", "ஹாய்" என்று சொல்லிக்கொண்டு, ஒன்றுமே முடிவாகாமல் சந்தோஷமாக எழுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து "பார்க்கலாம்". நம் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்களிடம் பெரியவர் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஜப்பானியர் "கெந்தோ ஷிமாசு" என்பார். அகராதிப்படி "பரிசீலிக்கிறோம்". பெரும்பாலும் நம்ம "பார்க்கலாம்"தான் அது. இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்வது. நம்ம பையன் "பரிசீலிக்கிறாங்களாம் சார்" என்று இரண்டு மாதம் காத்திருப்பான். அவனும் தமிழன்தானே, "பார்க்கலாம்" தெரியாதவனா? தெரியும். அந்த ஊர்க்காரரும் நம்மைப் போலவே மறைத்துப் பேசுவார் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு நிறுவனத்திலிருந்து பதினான்கு பேரோடு ஆறு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தோம். அதில் மூன்று பேர் சுத்த சைவம். ஹாஸ்டல் கேன்டீனில் சோறும், சோயா பருப்பில் செய்த மீசோ சூப்பும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் யாரோ சொல்லி விஷயம் தெரிந்தது. அந்த சூப்பின் அடிச்சாறு, 'தாஷி' என்பது, காய்ந்த சூரை மீனைச் சீவிப்போட்டுக் கொதிக்க வைத்தது. நம் ஊரில் மாசிக் கருவாடு என்கிறோமே, அந்த ஜாதி. கொரியாவிலும் இதே கதைதான். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் ஊறுகாய் என்று நினைப்போம், அதில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும்.

மூன்று பேரும் கேன்டீனுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். பிஸ்கட், வாழைப்பழம். கேட்டால் "பசியில்லை சார்". சமையல்கார அம்மா, தன் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டு, இன்னும் ருசியாக இருக்கட்டும் என்று தாஷியை இன்னும் கொஞ்சம் சேர்த்தார்! பயிற்சி அதிகாரி, பையன்கள் சோர்ந்திருப்பதைப் பார்த்து, வேலையில் அக்கறையில்லை என்று குறிப்பு எழுதினார். ஒரு வாரத்தில் மூன்று தரப்புக்கும் மனக்கசப்பு. இத்தனைக்கும் யாரும் யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

எப்படிச் சரியானது? ஹாஸ்டல் பொறுப்பாளரைத் தனியாக, வேலை முடிந்த நேரத்தில் போய்ப் பார்த்தோம். "உங்கள் சாப்பாடு நல்ல சாப்பாடு. ஆனால் இந்த மூன்று பேர் பிறந்ததிலிருந்து மீன் தொட்டதில்லை. இது ருசி சம்பந்தப்பட்டதல்ல, அவர்கள் வீட்டு வழக்கம். மீன் சேர்த்த பாத்திரத்தின் மேல் ஒரு மீன் படம் வரைந்த அட்டை வைக்க முடியுமா?" என்று கேட்டோம். வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அட்டை வந்தது. அடுத்த வாரம் அந்த அம்மாவே காய்ந்த காளானிலும் கடற்பாசியிலும் அடிச்சாறு செய்துபார்த்தார். கேட்டது சின்னது, அதனால் அவர்களால் உடனே செய்ய முடிந்தது.

இதில் நான் கவனித்த நான்கு விஷயங்களைத் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம். சின்னதாக இருக்கும்போதே சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல வேண்டும். யார் செய்ய முடியுமோ அவரிடம் சொல்ல வேண்டும். குறை சொல்வதோடு நிற்காமல், செய்யக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும்.

சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டு விஷயம் எங்கே போய் நிற்கும் என்பதை நம் வீட்டு வாசலிலேயே பார்த்தோம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்த தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று நம்பும்படி பதில் சொல்ல ஆளில்லை. சில பெண்கள் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. அது உண்மையல்ல. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்து ஒரு கூரையின் கீழ் தங்கியிருக்கும் இளம்பிள்ளைகள் அவர்கள். பயிற்சிக்குப் போகும் நம் குழுவும் அப்படிப்பட்டதுதான். பதில் சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்காவிட்டால், அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கொரியா பக்கம் வருவோம். அம்மா, அப்பா என்று அவர்களும் ஏறக்குறைய நம்மைப் போலவே கூப்பிடுகிறார்கள் என்று நம்ம பசங்களுக்கு ஒரே சந்தோஷம். "பல்லி பல்லி" என்று சூப்பர்வைசர் கத்தியபோது முதல் நாள் சுவரைப் பார்த்தவர்களும் உண்டு. அதற்கு "சீக்கிரம் சீக்கிரம்" என்று அர்த்தம்! சந்தித்த உடனே வயசு கேட்பார்கள். தப்பாக நினைக்க வேண்டாம். நாம் 'நீ' போடுவதா 'நீங்க' போடுவதா என்று யோசிப்பதுபோல, அவர்கள் மொழியில் வயசும் பதவியும் தெரியாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பதவியோடு 'நிம்' சேர்ப்பார்கள். நம்ம 'சார்' மாதிரி.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், லைன் நின்றுபோனால் அங்கே குரல் உயரும். நாலு பேர் முன்னால் திட்டு விழும். நம்ம பையனுக்கு அது அவமானம். ஒரு தடவை டிப்ளமா முடித்த ஒரு தம்பி, "எங்க அப்பாகூட என்னை இப்படிப் பேசினதில்ல சார், நான் ஊருக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டான். அன்றைக்கு ராத்திரியே அவனைத் தூங்க வைத்துவிட்டு, மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவர்களிலேயே மூத்த ஒருவர் மூலமாக அந்த இஞ்சினியரைப் பார்த்தோம். "அவன் செய்தது தப்புதான். இனி அந்த போல்ட்டை இப்படி முடுக்குவான். ஆனால் எங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் திட்டினால் பையனுக்குக் கை நடுங்கும், வேலை இன்னும் கெடும். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னால் உங்கள் லைன் நன்றாக ஓடும்" என்று சொன்னோம். உன் பழக்கம் மோசம் என்று சொல்லவில்லை. அவருக்கு என்ன வேண்டுமோ, அந்த லைன் கணக்கிலேயே சொன்னோம். அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தடவை கையசைத்து ஓரமாகக் கூப்பிட்டார். தம்பி பயிற்சியை முடித்துவிட்டுத்தான் திரும்பினான்.

ராத்திரி விருந்து இன்னொரு தலைவலி. குடிக்காதவன் "நோ" என்று கையைக் காட்டினால் பெரியவர் முகம் சுருங்கும். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, அதில் ஜூஸை வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவருக்கு நீங்கள் இரண்டு கையாலும் ஊற்றுங்கள். மறுப்பது பானத்தை மட்டும்தான், மனுஷரை அல்ல என்பது விளங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம். கடுமையாகச் சொன்னதை இனிப்பாக்கிவிடுவார். ஆகவே சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். தேதி, மணி, சம்பளம், ஓவர்டைம் எல்லாம் காகிதத்தில் எண்ணாக எழுதிக் காட்டுங்கள். கடைசியில் "நான் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஊரிலும் அதற்குப் பதில் "புரிந்தது"தான்.

ஜப்பானியர்களிடம் 'நெமாவாஷி' என்று ஒரு பழக்கம் உண்டு. பெரிய மரத்தை வேறு இடத்தில் நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றித் தோண்டி, பக்குவப்படுத்தி வைப்பார்களாம், அந்தச் சொல். கூட்டத்தில் ஒரு விஷயத்தை வைப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிடுவார்கள். கூட்டத்தில் திடீரென்று எழுந்து "எனக்கு ஒரு குறை" என்றால் அங்கே எல்லோரும் திகைத்துப்போவார்கள். அதைக் காரிடாரில் முதல் நாளே சொல்லியிருந்தால் கூட்டத்தில் அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள்.

இதெல்லாம் அந்நியப் பாடம் என்று நினைக்க வேண்டாம். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உபதேசத்துக்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரை வரலாறு சொல்கிறது. கேட்ட ரகசியத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஆசாரியருக்குக் கோபம். ராமானுஜர் ஓடி ஒளியவில்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை. "செய்தேன். எனக்கு நரகம் என்றாலும் இத்தனை பேருக்கு நன்மை" என்று நேரில் நின்று காரணத்தைச் சொன்னார். நம்பி அவரை அணைத்துக்கொண்டு "எம்பெருமானார்" என்றார். மரியாதை குறையாமல் மாறுபடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

இனி நமக்குள்ளேயே இருக்கும் சங்கதி. வெளிநாட்டுக்காரரோடு பேசுவதைவிட நம் குழுவுக்குள் பேசுவது கஷ்டம். "நீ எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். டோக்கியோவில் இறங்கியும் அந்தக் கேள்வியை மூட்டை கட்டி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அறை பிரிக்கும்போது "நான் அவனோடு இருக்க மாட்டேன்" என்று காதோடு சொல்வார்கள். இதில் மட்டும் "பார்க்கலாம்" கூடாது. அறைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மாற்றம் கேட்டால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லக்கூடிய காரணமா என்று கேளுங்கள். பாதிப் பேர் அதோடு அடங்கிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் குழுவில் இருந்தால், அவர்கள் தயங்காமல் பேச ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் வேண்டும். ஒடிசாப் பையன் ஒருவன் குழுவில் இருந்தால், ராத்திரி கூடிப் பேசும்போது அவனுக்கும் புரிகிற மாதிரி பேசுங்கள். கொரியர்கள் நம்மை ஒதுக்கினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவனுக்கும் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நயமாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நியாயம் இல்லாத இடத்தில் நயத்துக்கு வேலையில்லை. ஜப்பானில் தொழிற்பயிற்சித் திட்டத்தில் பல நாடுகளிலிருந்து வந்தவர்களில் 2023இல் மட்டும் 9,700 பேருக்கு மேல் பணியிடத்தை விட்டுக் காணாமல் போனார்கள். ஊரில் வாங்கிய கடன், குறைந்த கூலி, எஜமானரை மாற்ற முடியாத விதி என்று காரணங்கள் உண்டு. முறையிட வழி தெரியாதவன் கடைசியில் ஓடித்தான் போகிறான். அதனால்தான் 2024இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அந்தத் திட்டத்தையே மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவும் 2017இல் அந்தத் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்ட நாடு, ஆகவே இது நம் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம். பயிற்சியாளர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம். அதை யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். நம் தூதரகத்தின் தொலைபேசி எண் பாக்கெட்டில் இருக்கட்டும்.

நம் ஊரிலும் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு மாதத்துக்கு மேல். சம்பளம் இருந்தது, வேலை நேரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்பதே சண்டையாக இருந்தது. தொழிலாளர் சங்கத்துக்குப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. பேச ஒரு மேஜை முன்கூட்டியே போடப்படாவிட்டால், பிறகு அந்த மேஜைக்காகவே ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே குழுத் தலைவராகப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த மேஜையைப் போடுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம், அரை மணி நேரம், குழு மட்டும் கூடட்டும். "இந்த வாரம் எது உறுத்தியது?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் இரண்டாம் தடவை கேளுங்கள். நம்மவர்கள் சாப்பாட்டுக்கே இரண்டாம் தடவை கேட்டால்தான் "கொஞ்சம் போடுங்க" என்பார்கள். சாப்பாடு, உடம்பு, சம்பளம், வீட்டுக் கவலை எதற்கு யாரைப் பார்ப்பது என்று நாலு பெயர் எழுதிக் கையில் கொடுங்கள். புகார் சொன்னவனைக் காட்டிக்கொடுக்காதீர்கள். ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் அதற்கப்புறம் உங்கள் குழுவில் எல்லோருக்கும் "பசியில்லை"தான்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். இந்த அரங்கத்தில் ஜப்பான், கொரியா, ஜெர்மனி போய் வந்தவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, புறப்படப் போகும் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். உபதேசம் வேண்டாம். "எனக்கு இப்படி நடந்தது, இப்படிப் பேசினேன்" என்று சொன்னால் போதும். ஒரே சன்னல் வழியாகப் பார்த்தவர்கள் என்ற பெயருக்கு அது பொருத்தமான காரியமாக இருக்கும்.

செயலாளர் இதற்கு "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லக்கூடாது, தேதி சொல்ல வேண்டும் என்று இந்தச் சபை முன்னிலையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.